ஊற்றிய ஆயில் எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அவிநாசி வட்டத்துக்காரன். 34 வருஷம் போர்வெல் கம்ப்ரஸர், ஆயில் இன்ஜின், சப்மெர்சிபிள் மோட்டார் எல்லாம் பிரித்துப் பூட்டியவன். முழங்கால் மடங்க மறுத்ததால் பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, இப்போது உங்கள் நாளிதழை வரி விளம்பரம் வரைக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் கெட்டுப்போவதைப் பற்றி எங்கள் பக்கம் பேச்செடுத்தால் எல்லோரும் சாயத்தைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், அதற்கு முன் நொய்யல் என்ன நிறத்தில் ஓடியது என்பதையும் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் சாயம் கண்ணுக்குத் தெரியும். யார் விட்டது என்று விரல் நீட்டவும் முடியும். நான் எழுத வந்தது, நாங்களே எங்கள் கையால் அக்கறையாக அளந்து தண்ணீரில் ஊற்றுகிற ஆயிலைப் பற்றி.

வெளி மாவட்டத்து வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, 800 அடி, 1,000 அடி என்று போகும். அவ்வளவு ஆழம் போட்டும் பல இடத்தில் தண்ணீர் நூல் மாதிரிதான் ஊறும். அதில் சப்மெர்சிபிளை இறக்கினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தீர்ந்து, மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் எரிந்துவிடும். அதனால் கம்ப்ரஸர் போடுவோம். மேலே தரையில் இருக்கிற கம்ப்ரஸர் காற்றை அமுக்கி ஒரு குழாய் வழியாகப் போருக்குள் அனுப்பும். காற்றும் தண்ணீரும் நுரையாகக் கலந்து இன்னொரு குழாய் வழியாகக் குபுகுபுவென்று மேலே வரும். போருக்குள் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. தண்ணீர் தீர்ந்தாலும் எரிய ஒன்றுமில்லை. அருமையான ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை, அந்தக் காற்று ஆயில் பூசின சிலிண்டரிலிருந்து வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரையில் பக்கத்து ஊராட்சியிலிருந்து ஆள் வந்தது. குடிதண்ணீரில் ஏதோ வாடை, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். போனேன். குழாயடியில் நின்ற ஒரு பாட்டி குடத்தைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வெயில் பட்ட இடத்தில் மட்டும் மயில் கழுத்து நிறத்தில் மெல்லிசாக ஒரு படலம் நெளிந்தது. “பருப்பு வேகுது தம்பி, அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா ரசம் வெச்சா உங்க பட்டறை வாசம் அடிக்குது” என்றார். 34 வருஷத்தில் நான் கேட்ட மிகச் சரியான ரிப்போர்ட் அதுதான்.

கம்ப்ரஸர் ரூமுக்குப் போனேன். சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. சுவரில் சாமி படம், பக்கத்தில் ஆயில் கேன், புனல், துடைக்கிற துணி. டேங்க் ஆபரேட்டர் பொறுப்பான மனிதர். “ஒருநாள்கூட ஆயிலக் கொறைய விட்டதில்லீங்ணா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா கால் லிட்டர் ஊத்திருவனுங்க” என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். பொங்கல் முடிந்ததிலிருந்து என்றார்.

நான் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு மாசம், 120 நாள். ரெண்டு நாளைக்குக் கால் லிட்டர் என்றால் 15 லிட்டர். தரையில் இல்லை, கம்ப்ரஸரின் வெளிப்புறத்தில் இல்லை, கழிவு ஆயிலாக வடித்தும் எடுக்கவில்லை. “அந்த 15 லிட்டரும் எங்கீங்க போச்சு?” என்று கேட்டேன். அவர் கம்ப்ரஸரைப் பார்த்தார். அப்புறம் சுவரைத் துளைத்து வெளியே போகிற காற்றுக் குழாயைப் பார்த்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கம்ப்ரஸரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். நல்ல கம்ப்ரஸரில் வால்வு பிளேட் காய்ந்து லேசாகக் கரி பிடித்திருக்கும். இதில் தார் மாதிரி கறுத்து, தொட்டால் விரலில் வழிந்தது. பிஸ்டனை உருவினால், ஆயிலைச் சிலிண்டரிலிருந்து வழித்துக் கீழே தள்ளவேண்டிய ஆயில் ரிங் தேய்ந்து தகடாகியிருந்தது. ஏர் ஃபில்டரில் பஞ்சும் புழுதியும் அப்பிக் காற்று போக வழியில்லை. உள்ளே காற்று வராதபோது பிஸ்டன் கீழே இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சும். நாங்கள் ‘ஆயில் தள்ளுது’ என்று சொல்வது இதைத்தான். வெளியே ஒழுகினால் தரை அழுக்காகும், யாராவது திட்டுவார்கள், நமக்குத் தெரிந்துவிடும். உள்ளே ஒழுகினால் ரூம் கோவில் மாதிரி இருக்கும்.

குடிதண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில், ஐ.எஸ். 10500-இல், கனிம எண்ணெய்க்கு வைத்திருக்கிற அளவு லிட்டருக்கு அரை மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டாலும் இதில் தளர்வு கிடையாது. ஊர்களில் பரவலாக இருக்கிற 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், 15 கிராம் வருகிறது. மூன்று நான்கு டீஸ்பூன் ஆயில். ஒரு தொட்டித் தண்ணீர் எல்லையைத் தொட அவ்வளவே போதும். அந்த ஊரில் போனது 15 லிட்டர். அத்தனையும் குடத்துக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு பங்கு போருக்குள்ளேயே தண்ணீர் மேல் மிதந்தது, ஒரு பங்கு தொட்டிச் சுவரில் கறுப்பு வளையமாகப் பிடித்திருந்தது. மீதி ரசத்தில்.

சரி செய்தோம். ரிங் மாற்றுவது ஒரு நாள் வேலை. போரைச் சுத்தம் செய்யத்தான் ஒரு வாரம் ஆனது. குழாய்களை உருவி வெளியே போட்டு, பழைய பருத்தித் துணியைக் கல்லோடு மூட்டையாகக் கட்டிக் கயிற்றில் இறக்கி, மிதக்கிற ஆயிலை உறிஞ்ச வைத்து, மேலே இழுத்துப் பிழிந்து, மறுபடி இறக்கி... ஆறரை இஞ்ச் ஓட்டையில் எத்தனை தடவை இறக்கினோம் என்ற கணக்கை விட்டுவிட்டோம். அப்புறம் மூன்று நாள் தண்ணீரை எடுத்து வெளியே விட்டோம். சித்திரை வெயிலில், தண்ணீர் இல்லாத ஊரில், தண்ணீரைக் கீழே விட்டோம். ரிங் செட், கேஸ்கெட், என் கூலி மூன்றும் சேர்த்து அந்த 15 லிட்டர் ஆயிலின் விலைகூட வரவில்லை.

இதில் அந்த ஆபரேட்டரைக் குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ‘ஆயில் குறைஞ்சா ஊத்துங்க, ரிங் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று எத்தனை தோட்டத்தில் நானே சொல்லியிருக்கிறேன்! கம்ப்ரஸர் ஜாம் ஆகக்கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது. மிஷினுக்கு வைத்தியம் பார்த்தேன், தண்ணீரை மறந்துவிட்டேன். அந்தப் பாட்டி சொன்ன பிறகுதான் ஆயில் மட்டம் பார்க்கிற கண்ணாடியை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். மட்டம் இறங்குகிறது என்றால் ஆயில் எங்கேயோ போய்ச் சேருகிறது. ‘எவ்வளவு ஊற்ற வேண்டும்’ என்பது அப்புறம். ‘எங்கே போனது’ என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இந்த நாளிதழே போதும். எழுத்தில்லாத ஓரத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள். காற்றுக் குழாயைப் போரிலிருந்து கழற்றி, கம்ப்ரஸரை ஓட்டி, வருகிற காற்றுக்கு நேராக ஒரு முழம் தள்ளி அந்தத் தாளை ஒரு நிமிஷம் பிடியுங்கள். குழாய் வாயில் கையோ முகமோ வேண்டாம். தாளில் புள்ளி விழும். வெயிலில் காய வையுங்கள். தண்ணீர்ப் புள்ளி மறைந்துவிடும். ஆயில் புள்ளி, பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடியாகத் தெரியும். ஒன்றிரண்டு என்றால் ஃபில்டரைக் கழுவி, ஆயில் மட்டத்தைக் கண்ணாடியின் நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்து மறுபடி பாருங்கள். நிறைய ஊற்றினால் நல்லது என்று கண்ணாடி மறைய ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிகமாக ஊற்றினதும் காற்றோடு போய்விடும். தாள் முழுக்கப் புள்ளியாக விழுந்தால் ரிங் போய்விட்டது, வேறு பேச்சில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண் பீதி கிளம்பும். தண்ணீர் மேல் மின்னுகிற படலம் எல்லாமே ஆயில் இல்லை. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் ஒருவகை நுண்ணுயிர் இதே மாதிரி படலம் கட்டும். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். ஓடு மாதிரி துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் படலம். நெளிந்து சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் ஆயில். ஆயில்தான் என்று தெரிந்தால் தயவுசெய்து தொட்டியில் சோப்புத் தூள் போடாதீர்கள். ஒரு ஊரில் போட்டார்கள். படலம் மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆயில் எங்கும் போகவில்லை, பொடிப்பொடியாகித் தண்ணீருக்குள்ளேயே கலந்துவிட்டது, அவ்வளவுதான். முன்பாவது மேலாக வழித்து எடுத்திருக்கலாம்.

கம்ப்ரஸரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. என் அப்பா காலத்தில் ஆயில் இன்ஜின் கிணற்றுக்குள்ளேயே இருந்தது. மேலே வைத்தால் இருபது இருபத்தைந்து அடிக்கு மேல் பம்பு உறிஞ்சாது. அதனால் பாதிக் கிணற்றில் பாறையைக் குடைந்து ஒரு பொந்து செய்து இன்ஜினை அதில் உட்கார வைப்பார்கள். டீசல் குழாய் ஒழுகினாலும், ஆயில் சீல் ஒழுகினாலும், நேரே கீழே தண்ணீரில்தான். சின்ன வயதில் நாங்கள் அந்தக் கிணற்றில் குதித்து நீச்சலடித்துவிட்டு வந்தால் அம்மா தலையைத் துவட்டும்போதே டீசல் வாசம் பிடித்துவிடுவாள். அப்பா ஒரு பழைய இரும்புச் சட்டியில் மரத்தூளைக் கொட்டி இன்ஜினுக்கு அடியில் வைத்தார். ஊரில் சிரித்தார்கள். மாசம் ஒருமுறை அந்தத் தூளை எடுத்து அடுப்பில் போடுவார். சட்டி வைத்ததற்காக அவரைக் கும்பிடலாம், அடுப்பில் போட்டதற்கு முடியாது. அந்தப் புகை அம்மாவுக்குத்தான் போனது.

சப்மெர்சிபிளிலும் ஆயில் நிரப்பின மோட்டார் வருகிறது, முக்கியமாகச் சின்ன போருக்கான நாலு இஞ்ச் மோட்டார்களில். சீல் போனால் அந்த ஆயில் போருக்குள் இறங்கி, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறும். மேலே இருக்கிறவருக்கு மோட்டார் எரிகிற வரை தெரியாது. குடிதண்ணீர் போருக்கு வாங்குகிறவர்கள் கடையில் ‘வாட்டர் ஃபில்டா, ஆயில் ஃபில்டா’ என்று ஒரு வார்த்தை கேட்டு, தண்ணீர் நிரப்பினதையே வாங்கலாம்.

பெரிய எண்ணெய்க் கசிவு என்றால் செய்தி வருகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல் மோதி, இளைஞர்கள் வாளியில் எண்ணெயை அள்ளியதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அதே எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து, படகும் வலையும் கூழைக்கடாவும் கறுத்துப்போனதைப் பார்த்தோம். ஆனால் எங்கள் கதைக்குக் கிட்ட இருப்பது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கே கடலும் கப்பலும் இல்லை, வீட்டுக் கிணறுகள்தான். மின் நிலையத்திலிருந்து போன எண்ணெய் சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்குக் கிணறு பரவியது. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அங்கே வழக்குப் போட ஒரு மின் நிலையம் இருந்தது. எங்கள் ஊரில் யார் மேல் போடுவது? ஆபரேட்டர் மேலா, என் மேலா?

அடுத்தது கழிவு ஆயில். ஆயில் மாற்றினால் பழையது என்ன ஆகிறது? கொஞ்சம் சென்ட்ரிங் தகட்டுக்குப் போகும், கொஞ்சம் கறையானுக்குக் கதவு நிலையில் பூசுவார்கள், மீதி வேலிக்கு அந்தப் பக்கம். மழை வந்தால் வேலியும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. கழிவு ஆயிலை அபாயகரக் கழிவு என்று 2016-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போகவேண்டும். 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரித்து விற்கிறவர்களும் பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் வந்துவிட்டது. நல்ல விதி. ஆனால் என் தம்பி மகன் பட்டறைக்கு அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை. பழைய பேரலோடு வண்டியில் வருகிறவர்தான் வருகிறார், எங்கே கொண்டுபோகிறார் என்று அவரும் சொல்வதில்லை. இதற்கு நடுவே சில ஊர்களில் கொசுவை ஒழிக்க உள்ளாட்சிக்காரர்களே மரத்தூளைக் கழிவு ஆயிலில் ஊறவைத்து உருண்டை பிடித்துத் தேங்கின தண்ணீரில் போடுகிறார்கள். நான் சட்டி வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் உருண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, பவானி ஆற்றின் உபரித் தண்ணீரை எங்கள் பக்கத்துக் குளங்களுக்குக் கொண்டு வருகிற அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைத் திறந்தார்கள். 1,916 கோடி ரூபாய், 1,045 குளம் குட்டை. எங்கள் அப்பா தலைமுறை கேட்டு, நாங்கள் கேட்டு, கடைசியில் பேரன்கள் கண்ணுக்குத் தெரிந்த தண்ணீர். குளத்தில் நிற்கிற தண்ணீர்தான் கீழே இறங்கிப் போரில் ஏறுகிறது. போன மாசம் எங்கள் பக்கத்துக் குளத்துக் கரையில் நடந்து போனேன். ஒருவர் டிராக்டரைத் தண்ணீர் ஓரத்தில் இறக்கி, இன்ஜின் அடியை டீசல் தொட்ட துணியால் துடைத்து, வாளி வாளியாக ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். 1774-இல் வெளியான ஒரு கட்டுரையில் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டன் பக்கம் ஒரு குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றியதையும், அது அரை ஏக்கர் வரை பரவி அலையை அடக்கியதையும் எழுதியிருக்கிறார். நம் கணக்கில் 50 சென்ட். டிராக்டர் கழுவின அன்றைக்கு எங்கள் குளத்தின் அந்த மூலையிலும் அலையே இல்லை. “தம்பி, வண்டியை மேட்டுல நிறுத்திக் கழுவலாமுங்களே” என்றேன். “இத்தனை தண்ணில இது என்னங்ணா ஆயிரும்” என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி அவர் வீட்டு போரில் ஓடுவது நான் பூட்டிக்கொடுத்த கம்ப்ரஸர்.

ஊராட்சிகளிடம் நான் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கம்ப்ரஸர் ரூமிலும் ஒரு நோட்டு தொங்கட்டும். ஆயில் ஊற்றுகிற நாளில் தேதியும் அளவும் எழுதட்டும். ஒரே மாசத்தில் ஒரு லிட்டரைத் தாண்டினால் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடட்டும். இந்த ஒரு லிட்டர் சட்டப் புத்தகத்தில் இல்லை, என் அனுபவத்தில் நான் வைத்த கோடு. இன்னும் குறைவாக வைத்தால் இன்னும் நல்லது. காற்று நேரே போருக்குப் போகாமல் நடுவே ஒரு ஏர் டேங்க் வைத்தால், ஆயிலில் ஒரு பங்கு அங்கேயே தங்கும். அடியில் இருக்கிற வால்வைத் தினமும் திறந்து ஒரு டப்பாவில் பிடிக்க வேண்டும், வாய்க்காலில் விடக்கூடாது. கம்ப்ரஸர் மேடையைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு சிமென்ட் கரை கட்டுங்கள். போரின் கேசிங் பைப் தரைக்கு மேல் ஒரு முழமாவது நிற்கட்டும், மூடியோடு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பழைய ஆயில் வாங்க ஒரு பேரல் வையுங்கள், அனுமதி உள்ளவரை வரவழைத்துக் கொடுங்கள். இதற்கெல்லாம் 1,916 கோடி வேண்டாம்.

அந்தப் பக்கத்து ஊராட்சி ஆபரேட்டர் நோட்டுப் போட்டுவிட்டார். போன வாரம் போயிருந்தபோது எடுத்துக் காட்டினார். ரிங் மாற்றின முதல் ரெண்டு மாசம் ‘ஊற்றவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் ஏறுகிறது, மாசத்துக்கு 400 மில்லி. ரிங் மறுபடி தேய ஆரம்பித்திருக்கிறது என்பதை நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். ஆடிக்குள் மாற்றிவிடலாம் என்று பேசியிருக்கிறோம்.

அவிநாசி, அன்னூர், சேவூர் பக்கத்தில் ஊராட்சிக் குடிதண்ணீர் கம்ப்ரஸர் ஆயில் தள்ளுகிறது என்றால், ரிங் செட்டும் கேஸ்கெட்டும் வாங்கி வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். தம்பி மகன் கழற்றுவான், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். கூலி வேண்டாம். என் முகவரியைத் தனித்தாளில் உங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்; யாராவது கேட்டால் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்ரஸர் மெக்கானிக்,
அவிநாசி வட்டம்